ஜாஸ் கிதாரும் கற்பனை வாசிப்பும்



இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே உருப்பெற்று, பின்னர் உலகெங்கும் பரவிய இசை ஜாஸ். எழுதிவைத்த சுரங்களை அவ்வாறே ஒப்பிப்பதோடு அமையாமல், வாசிக்கும் அந்நொடியிலேயே புதிய இன்னிசையைப் படைத்துக்கொண்டு செல்வது அதன் உயிர்நாடி. நம் வித்துவான்கள் மனோதர்மம் என்று சொல்வார்களே, அதனை ஒத்தது அது. கிதார் பயிலும் மாணவன் அத்திறமையை எவ்வாறு அடைவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நான் கிதார் வாசிப்பவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்று முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொன்னவன். ஜாஸ் இசைத்தட்டுகளை விரும்பிக் கேட்பவன். ஆதலின் கற்பிக்கும் முறை என்னும் பக்கத்திலிருந்தே இதனை நோக்குகின்றேன்.

தோன்றியதையெல்லாம் வாசிப்பதே கற்பனை வாசிப்பு என்று எண்ணுவோர் பலர். அதற்கும் கட்டுக்கோப்பு உண்டு. 'ப்ளூஸ்' என்னும் பாட்டு வகையைப் பாருங்கள். நான்கு தட்டுகள் கொண்டது ஓர் அளவு. பன்னிரண்டு அளவுகள் கொண்டது ஒரு சுற்று. ஆக 48 தட்டுகள். பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச்செய்யும் கூட்டுச்சுரங்கள், மிக எளிய வடிவில் மூன்றே மூன்று, குறித்த இடங்களில் மாறி மாறி வரும். அச்சுற்று முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அடித்தளம் இப்படிச் சுழன்றுகொண்டிருக்க, அதன்மேல் ஒருவர் தம் கற்பனையை விரிக்கின்றார். இடம் தவறினால் கூட்டமே தடுமாறும்.

என்னிடம் பயின்று கல்லூரிக்குச் சென்ற இளைஞன் ஒருவன் நாள்தோறும் நான்கு மணி நேரம் வீதம் ஈராண்டுகள் கிதார் பழகினான். எல்லாச் சுர வரிசைகளும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். நண்பர்களோடு முதன்முறை ஒரு ப்ளூஸ் வாசித்தபோது, மற்றவர்கள் சுற்றை முடித்துத் தொடக்கத்துக்கு வந்துவிட, இவன் பத்தாம் அளவில் ஓடிக்கொண்டிருந்தான். மறுவாரம் கிதாரை விற்றுவிடப் போவதாக என்னிடம் வந்து சொன்னான். "விற்பது இருக்கட்டும், தம்பி! வாசிக்க நினைத்ததை வாயால் ஒருமுறை பாடிக் காட்டு, கேட்போம்" என்றேன். இரண்டு அளவுகூட அவனால் பாட முடியவில்லை. பாட முடியாததன் காரணம் குரல் அன்று. சொல்வதற்கு உள்ளத்தில் ஒன்றும் உருவாகியிருக்கவில்லை. இலக்கணச் சூத்திரங்களை ஒப்பிக்கும் மாணவன் ஒரு கடிதம் எழுதத் திணறுவதை வகுப்பறையில் எத்தனை முறை கண்டிருக்கிறேன்!

கிதாரின் அமைப்பே இதற்கு இடங்கொடுக்கின்றது. அதன் கழுத்தில் விரல்கள் பழகிய வடிவம் ஒன்றை மேலோ கீழோ நகர்த்தினால் வேறொரு சுருதியில் அதே வரிசை கிடைத்துவிடும். செவி உறங்கினாலும் விரல் ஓடும். அன்றியும், குழலோ எக்காளமோ ஊதுபவன் மூச்சு வாங்க நின்றே தீரவேண்டும். அந்நிறுத்தமே அவன் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி. கிதார்க்காரனுக்கு அக்கட்டாயம் இல்லை.

ஆதலின் முதலில் லயம். சுரங்களைச் சில நாட்கள் மறந்துவிடலாம். காலால் நான்கு தட்டுகளையும் எண்ணிக்கொண்டு, இரண்டாவதிலும் நான்காவதிலும் மட்டும் கைதட்டுக. ஜாஸின் நடை அவ்விரண்டில்தான் சாய்ந்து நிற்கிறது. பின்னர் ஒவ்வொரு தட்டையும் இரு கூறாக்கிச் சொல்லிப் பாருங்கள். முற்கூறு சற்று நீண்டும் பிற்கூறு குறுகியும் வருவதே 'ஸ்விங்' என்னும் அசைவு. வேகம் மிகமிக இவ்வேற்றுமை குறைந்து இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிடும். இதனை எழுத்தில் விளக்குவது அரிது, கேட்டே அறியவேண்டும். இவ்வளவும் பழகியபின் ஒரே ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு அளவுகளையும் வாசிக்க முயல்க. சுரம் மாறாதபோது சுவை தரக்கூடியது தாளமும் அழுத்தமும் மௌனமும் மட்டுமே. சலிப்பான பயிற்சி என்று தோன்றும். கவுண்ட் பேசியின் இசைக்குழுவில் 1937-இல் சேர்ந்த ஃபிரெடி கிரீன் என்பவர், 1987-இல் காலமாகும்வரை, ஏறத்தாழ ஐம்பதாண்டுகள், தனி வாசிப்பை நாடாமல் அளவுக்கு நான்கு தட்டுகளாகக் கூட்டுச்சுரங்களையே மீட்டி வந்தார். அக்குழுவின் நடைக்கு அவருடைய கிதாரே அச்சாணி என்று இசையறிந்தோர் கூறுவர்.

அடுத்தது சொற்றொடர். ப்ளூஸ் பாட்டில் வரிக்கு நான்கு அளவுகள் வீதம் மூன்று வரிகள். முதல் வரியே இரண்டாம் வரியாகப் பெரும்பாலும் திரும்ப வரும். மூன்றாம் வரி அதற்கு விடை போன்று அமையும். ஒவ்வொரு வரியிலும் பாடுவோர் ஏறத்தாழ இரண்டு அளவுகளே பாடி நிறுத்த, எஞ்சிய இடத்தில் கருவி மறுமொழி கூறும். இவ்வழக்கத்தையே பயிற்சியாக்கிக் கொள்ளலாம்: இரண்டு அளவு வாசித்து இரண்டு அளவு மௌனமாக இருங்கள். சொன்னதையே சிறிது மாற்றி மறுமுறை சொல்லுங்கள். மௌனத்தின்போதும் கால் எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். வாசிப்பதைவிட இதுவே கடினம் என்பதை ஒருமுறை செய்து பார்த்தவர் அறிவர்.

ஊதுகருவியின் பேச்சைக் கிதாருக்குக் கொண்டுவந்தவர்களுள் தலையாயவர் சார்லி கிறிஸ்டியன். எக்காளங்களின் பேரொலியில் அமுங்கிக் கிடந்த கிதார், மின்விசையால் ஒலி பெருக்கப்பட்டபின் தனித்துக் கேட்கலாயிற்று. 1939-இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த கிறிஸ்டியன், லெஸ்டர் யங்கின் சாக்ஸஃபோன் வாசிப்பில் ஈடுபாடு கொண்டவர். மூச்சுவிட்டுப் பேசுவது போன்ற நீண்ட தொடர்களை ஆறு தந்திகளில் அமைத்துக் காட்டினார். 1942-இல், இருபத்தைந்து வயதிலேயே, காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே இண்டியானாபொலிஸ் நகரத்து வெஸ் மான்ட்கோமரி கிதார் கற்றார். இசைக்குறிப்புகளைப் படிக்கத் தெரியாமலே உலகப்புகழ் பெற்றவர் அவர்.

இனிப் பாடுதலுக்கு வருவோம். லென்னி டிரிஸ்டானோ என்னும் பியானோ மேதை தம் மாணவர்களிடம், புகழ்பெற்றோர் வாசிப்பு ஒன்றைத் தேர்ந்து அதனை முழுமையாகப் பாடக் கற்றபின்னரே கருவியில் வாசிக்கச் சொல்வார். ஆசிரியன் என்ற முறையில் இதனை நான் மிகவும் மதிக்கிறேன். பாடும்போது செவி முன்செல்கிறது, விரல் பின்தொடர்கிறது. மூச்சு தீரும் இடத்தில் தொடரும் தானே முடிகிறது. ஜார்ஜ் பென்சன் கிதாரில் மீட்டும் சுரங்களையே உடன் பாடிக்கொண்டு செல்வதை 1976-இல் வெளியான அவருடைய இசைத்தட்டில் கேட்கலாம்.

லயத்தையும் வாயால் சொல்லிப் பழகலாம் என்பதற்கு நம் கொன்னக்கோலைக் காட்டிலும் சிறந்த சான்று வேண்டுமோ? ஜாஸ் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், எழுபதுகளில் 'சக்தி' என்னும் குழுவில் கடம் விக்கு விநாயக்ராம் முதலியோரோடு வாசித்தவர். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோலை விளக்கும் ஒளித்தட்டு ஒன்றையும் பின்னாளில் வெளியிட்டார். தத்தகாரம் சொல்லும் நாவுக்குக் கீழைநாடு மேலைநாடு என்ற பிரிவு இல்லை போலும்!

விரல் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளற்க. ஆனால் ஜாங்கோ ரைன்ஹார்ட்டை நினைத்துப் பாருங்கள். 1928-இல், தம் பதினெட்டாம் வயதில், வண்டியில் பற்றிய தீயால் அவருடைய இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் முடங்கின. தனி வாசிப்புகளைப் பெரும்பாலும் எஞ்சிய இரு விரல்களாலேயே வாசித்து, 1934-இல் பாரிஸில் உருவான குழுவின் வாயிலாக ஐரோப்பிய ஜாஸுக்கே பெயர் தேடித் தந்தார்.

முற்கூறிய இளைஞன் ஒரு திங்கள் கிதாரை உறையிலிருந்து எடுக்கவில்லை. ஒரே ஒரு ப்ளூஸ் இசைத்தட்டைக் கேட்டு, கூடவே பாடி, பின்னர் இசைத்தட்டு இன்றியே பாடினான். ஐந்தாம் அளவில் கூட்டுச்சுரம் மாறும் இடம் வரும்போது எண்ணாமலே அவன் தலை அசையலாயிற்று. அதன்பின் இரண்டு அளவு பாடி, பாடியதைக் கிதாரில் தேடிப் பிடித்தான். பிடிபடாதபோது மீண்டும் பாடினான். நீங்களும் இவ்வாறே ஒரு சுற்றோடு தொடங்கலாம். குரல் கரகரத்தாலும் கவலை இல்லை. கதவைச் சாத்திக்கொண்டால் போயிற்று. 48 தட்டுகளும் எண்ணாமலே உள்ளத்தில் ஓடத் தொடங்கியபின், முப்பத்திரண்டு அளவு கொண்ட பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.