நாற்பது அதிகம், ஐம்பத்தெட்டு குறைவு

ஒரே நிறுவனம், ஒரே மாதம். 40 வயதைத் தாண்டிய கேபின் ஊழியரிடம், விருப்பமிருந்தால் ஓய்வு பெறலாம் என்றது நிர்வாகம். 58 வயதில் ஓய்வு பெறும் விமானியிடமோ, இன்னும் 5 ஆண்டுகள் பணியாற்ற வரலாம் என்றது. 2022 ஜூனில் ஏர் இந்தியாவில் நடந்தது இது.

அந்த ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதிதான் அரசிடமிருந்து டாடா குழுமத்தின் கைக்கு நிறுவனம் போய்ச் சேர்ந்தது. ஏலத் தொகை, ஏற்றுக்கொண்ட கடனையும் சேர்த்து, 18,000 கோடி ரூபாய். விற்பனை முடிவான 2021 அக்டோபரில் ஊழியர்கள் 12,085 பேர். அவர்களில் நிரந்தர ஊழியர்கள் 8,084 பேர். ஓராண்டுக்கு ஆட்குறைப்பு கூடாது என்பது நிபந்தனை. ஆனால் விருப்ப ஓய்வுக்குத் தடை இல்லை.

ஐந்தாவது மாதமே திட்டம் வந்தது. 55 வயது, 20 ஆண்டு சர்வீஸ் என்பது பொது விதி. கேபின் ஊழியர், குமாஸ்தா, கடைநிலை ஊழியர் ஆகியோருக்கு மட்டும் வயது வரம்பு 40 ஆக இறங்கியது. ஜூன் மாதத்துக்குள் விண்ணப்பித்தால் கூடுதல் தொகை. தகுதி பெற்ற சுமார் 4,500 பேரில் ஏறத்தாழ 1,500 பேர் விலகினார்கள்.

2023 பிப்ரவரியில் 4,200 கேபின் பயிற்சி ஊழியர்களையும் 900 விமானிகளையும் சேர்க்கப் போவதாக நிறுவனம் அறிவித்தது. அடுத்த மாதமே பறக்காத பிரிவினருக்கு இரண்டாவது விருப்ப ஓய்வு. அதிலும் வரம்பு 40 வயதுதான். 2024 மார்ச்சில், விருப்ப ஓய்வும் பெறாமல், மாற்றுப் பணியிலும் பொருந்தாமல் போன 180-க்கும் அதிகமானோர் வேலை இழந்தனர்.

நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. 2007 இணைப்புக்குப் பின் நஷ்டத்திலேயே ஓடிய நிறுவனம் இது. யாரும் கையெழுத்துப் போடக் கட்டாயப்படுத்தப்பட்டதாகச் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? ஆட்குறைப்பில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம் முதல் இருந்துவரும் நெறி. மூத்தவருக்கு அது ஒரு கவசம். ஆனால் விருப்ப ஓய்வு ஆட்குறைப்பாகக் கருதப்படுவதில்லை. கவசம் அங்கே பயன்படாது. இன்னொரு கதவும் மூடியது. ஊதியம், பதவி உயர்வு குறித்து மூத்த ஊழியர்கள் அரசு நிறுவனமாக இருந்தபோதே தொடுத்த ரிட் மனுக்கள், தனியார்மயமான பின் செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

கம்பெனி கைமாறும்போது வயதுக்கும் விலை குறிக்கப்படுகிறது. ஆள் தட்டுப்பாடு உள்ள வேலையில் அதன் பெயர் அனுபவம். எளிதில் ஆள் கிடைக்கும் வேலையில் அதன் பெயர் சுமை. 45 வயதில் வெளியே வருபவரிடம் அடுத்த விண்ணப்பப் படிவமும் முதலில் கேட்பது வயதைத்தான். 'விருப்பம்' என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், மறுத்தவருக்கு நாளையும் வேலை இருக்கும் என்ற உறுதி வேண்டும்.