உங்களுக்குத் தெரியுமா? பலேர்மோவில் பட்டத் தேர்வே உரிமத் தேர்வு!

அமெரிக்காவில் நர்சிங் பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. என்கிளெக்ஸ் என்ற தனித்தேர்விலும் தேற வேண்டும். இத்தாலியின் பலேர்மோவில் அப்படி ஒரு தனித்தேர்வு இல்லை. மூன்றாண்டுப் படிப்பின் கடைசித் தேர்வுதான் உரிமத் தேர்வும். முதலில் செய்முறை, அடுத்து ஆய்வேட்டு விளக்கம். எதிரே தேர்வுக் குழுவாக 7 முதல் 11 பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் இருவராவது செவிலியர் மன்றம் அனுப்பியவர்கள். மூத்த செவிலியர்களே இளையவரின் செய்முறையைப் பார்த்து மதிப்பிடுவது எவ்வளவு நல்ல ஏற்பாடு! தேறியவர்கள் மன்றப் பதிவேட்டில் பெயர் சேர்த்த பிறகே வார்டில் செவிலியராக வேலை பார்க்கலாம். தமிழ்நாட்டிலும் தனித்தேர்வு இல்லை. பட்டம் முடித்ததும் செவிலியர் கவுன்சிலில் பதிவு.

சிறப்புத் தகுதி வேறு கதை. அமெரிக்காவில் தீவிர சிகிச்சைச் செவிலியருக்கான சிசிஆர்என் தேர்வில் 3 மணி நேரத்தில் 150 கேள்விகள். சான்றிதழுக்கு ஆயுள் 3 ஆண்டு. இத்தாலியிலோ, 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ‘சிறப்புச் செவிலியர்’ ஆக முதல்நிலை மாஸ்டர் படிப்பு படிக்க வேண்டும்.

பலேர்மோவில் இலங்கைத் தமிழர் நிறையப் பேர் வாழ்கிறார்கள். ஊரில் நர்சிங் படித்துவிட்டு அங்கே போகிறவர்களின் பட்டத்தை இத்தாலியச் சுகாதார அமைச்சகம் அங்கீகரிக்க வேண்டும். பதிவுக்கு முன் இத்தாலிய மொழியறிவையும் மன்றம் சோதிக்கும்.