பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகள் பராமரிப்பு நிலையங்களுக்கான அரசு நிதியுதவி

பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகள் பராமரிப்பு நிலையங்களுக்கான அரசு நிதியுதவி என்பது, கோவிட்-19 பரவலால் மூடப்பட்ட அங்கன்வாடிகள், குழந்தைகள் காப்பகங்கள், மழலையர் பள்ளிகள் ஆகியவற்றுக்கும் அவற்றில் பணிபுரிவோருக்கும் அரசுகள் அளித்த ஊதியம், மானியம், கடன், காப்பீடு ஆகியவற்றைக் குறிக்கும். செய்யும் வேலை ஒன்றாக இருந்தாலும், நிலையத்தை யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே உதவி கிடைத்தது. தென்காசி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதை விளக்குகிறது.

உதவி ஏன் தேவைப்பட்டது?

குழந்தைகள் வராத நாள்களிலும் ஒரு பராமரிப்பு நிலையத்துக்கு வாடகை, மின்கட்டணம், பணியாளர் சம்பளம் ஆகிய செலவுகள் உண்டு. வருமானமோ மாதந்தோறும் பெற்றோர் கட்டும் கட்டணம் மட்டுமே. சேமிப்பு குறைவாக உள்ள சிறிய நிலையம் சில மாதங்கள் மூடிக்கிடந்தால், பிறகு திறக்கவே முடியாமல் போகலாம். அப்படி நேர்ந்தால் பாதிப்பு அந்த நிலையத்தோடு முடிவதில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போக இடமில்லாத தாய் வேலைக்குத் திரும்ப முடியாது.

தென்காசி மாவட்டப் பின்னணி

தென்காசி, திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமானது. நான்கு மாதங்களுக்குள் பெருந்தொற்று வந்தது. இம்மாவட்டத்தில் 10 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. பீடி சுற்றுதல், வயல் வேலை, கட்டட வேலை ஆகியன பெண்களின் முக்கியமான பிழைப்பு. குற்றாலத்தில் சாரல் காலத்துக் கடைகளையும் விடுதிகளையும் நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. 2020ஆம் ஆண்டு சீசனில் அருவிகளில் குளிக்கத் தடை இருந்ததால் அந்த வருமானமும் நின்றது. கட்டணம் கட்டிப் பிள்ளையைச் சேர்க்கும் நிலையில் அப்போது பெற்றோரும் இல்லை.

அங்கன்வாடிகள்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று இந்தியாவில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதன்கீழ் 54,439 குழந்தைகள் மையங்கள் இயங்கின. இவை 2020 மார்ச் 17 முதல் மூடப்பட்டன. மையம் மூடப்பட்டாலும் வேலை நிற்கவில்லை. பணியாளர்கள் சத்துமாவையும் உணவுப் பொருள்களையும் குழந்தைகளின் வீடுகளுக்குக் கிடைக்கச் செய்தனர். காய்ச்சல் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகவும் சென்றனர்.

இவர்களுக்கு மூன்று வகைகளில் பாதுகாப்பு இருந்தது.

1. ஊதியம்: மத்திய அரசு இவர்களை மதிப்பூதியம் பெறும் தன்னார்வலர்களாகவே கருதுகிறது. 2018 அக்டோபர் முதல் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாயும் உதவியாளருக்கு 2,250 ரூபாயும் மத்திய அரசின் நிர்ணயம். தமிழ்நாட்டில் இவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. முதன்மை மையப் பணியாளருக்கு அது 7,700 முதல் 24,200 ரூபாய் வரையிலான விகிதத்தில் அமைந்தது. இந்த ஊதியம் குழந்தைகளின் வருகையைச் சார்ந்தது அன்று.

2. காப்பீடு: கோவிட் பணியில் ஈடுபட்டவர்கள், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பிரதமரின் ஏழைகள் நலத் தொகுப்பில் 50 லட்சம் ரூபாய் காப்பீட்டின்கீழ் கொண்டுவரப்பட்டனர்.

3. பணிக்கொடை: 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று தீர்ப்பளித்தது. குஜராத் மாநில வழக்கில் வந்த இத்தீர்ப்பு பெருந்தொற்று நிவாரணம் அன்று. ஆனால் இவர்கள் செய்வது வெறும் தொண்டு அன்று என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது.

குழந்தைகள் காப்பகங்கள்

வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்கான தேசியக் காப்பகத் திட்டத்தில் செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 30, தொண்டு நிறுவனம் 10 விழுக்காடு என்று பகிர்ந்துகொண்டன. காப்பகப் பணியாளரின் மதிப்பூதியம் மாதம் 3,000 ரூபாயாக இருந்தது. இத்திட்டம் 2022 முதல் 'பால்னா' என்ற பெயரில் மாற்றி அமைக்கப்பட்டது.

தனியார் மழலையர் பள்ளிகள்

தனியார் நிலையங்களுக்கென்று தனி மானியத் திட்டம் எதையும் மத்திய அரசு கொண்டுவரவில்லை. 2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம் சிறு தொழில்களுக்குப் பொதுவானது. 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 விழுக்காடு வரை அதன்கீழ் கூடுதல் கடன் பெற முடிந்தது. ஏற்கெனவே வங்கிக் கடன் இல்லாத சிறு மழலையர் பள்ளிக்கு இதனால் பயனில்லை. கடன் பெற்றவரும் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

உதவி பெறாத தனியார் பள்ளிகள் கட்டணத்தில் 40 விழுக்காட்டை முதல் தவணையாக வசூலிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூலை 17 அன்று அனுமதித்தது. இணையவழி வகுப்பு நடத்திய பெரிய பள்ளிகளுக்கு இது ஓரளவு உதவியது. இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையைச் சேர்க்கவே பெற்றோர் முன்வராதபோது, கட்டணம் கேட்க மாணவரே இல்லை.

பிற நாடுகளில்

ஆஸ்திரேலியாவில் 2020 ஏப்ரல் 6 முதல் ஜூலை 12 வரை பராமரிப்பு நிலையங்களின் முந்தைய கட்டண வருமானத்தில், மணிநேர உச்சவரம்புக்கு உட்பட்டு, பாதியை அரசு கொடுத்தது. பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. அமெரிக்காவில் 2020 மார்ச் சட்டத்தில் 350 கோடி டாலரும், 2021 மார்ச் சட்டத்தில் சுமார் 3,900 கோடி டாலரும் குழந்தைகள் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டன. பின்னதில் ஏறத்தாழ 2,400 கோடி டாலர், வாடகை, சம்பளம் போன்ற செலவுகளுக்காக நிலையங்களுக்கே மானியமாகச் சென்றது.

மீண்டும் திறப்பு

கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு வெளியே உள்ள அங்கன்வாடிகளைத் திறப்பது பற்றி 2021 ஜனவரி 31க்குள் மாநிலங்கள் முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 13 அன்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் மதிய உணவுக்காக மையங்கள் திறக்கப்பட்டன. மழலையர் பள்ளிகளுக்கு 2022 பிப்ரவரி 16 முதல் அனுமதி கிடைத்தது. அதாவது ஏறத்தாழ 23 மாதங்கள் அவை மூடிக்கிடந்தன.

மதிப்பீடு

அங்கன்வாடி அமைப்பு பிழைத்ததற்கு அதன் நிதி முறையே காரணம். அரசு நேரடியாக ஊதியம் தந்ததால் மையம் மூடியபோதும் பணியாளர் இருந்தார். திறந்தபோது குழந்தைகள் திரும்பிவர ஓர் இடம் இருந்தது. கட்டணத்தை மட்டுமே நம்பிய நிலையங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரு தனியார் மழலையர் பள்ளியில் சில ஆயிரம் ரூபாய் சம்பளத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவும் அங்கன்வாடி உதவியாளரும் செய்தது ஒரே வேலைதான். முன்னவரின் பெயர் எந்த அரசுப் பட்டியலிலும் இல்லாததால், உதவி வழங்க நினைத்தாலும் அவரைக் கண்டறிவது கடினம். எனவே சிறு பராமரிப்பு நிலையங்களையும் அவற்றின் பணியாளர்களையும் முறையாகப் பதிவு செய்வது, அடுத்த நெருக்கடிக்கு முன்பே செய்யவேண்டிய முதல் வேலையாகும்.