கடை விளக்கும் கரியமில வாயுவும்

பொன்முடிக்குச் செல்லும் வழியில், 22 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்கும் முன்னர், கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே முன்புறம் முழுவதும் திறந்த கடையொன்றில் தேநீர் பருகிக்கொண்டிருந்தபோதுதான் என் கணக்கிலிருந்த பிழை புலப்பட்டது.

என்ன கணக்கு என்பீர்கள். கட்டடம் ஒன்றைக் கணினிக்குள்ளே கட்டி, ஆண்டின் 8760 மணி நேரமும் அதற்குள் எவ்வளவு வெப்பம் புகுகிறது, அதனை வெளியேற்ற எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று மணிக்கு மணி எண்ணுவதே அது. கூரை, சுவர், கண்ணாடி, விளக்கு, வானிலை யாவும் அதற்கு வேண்டும். வாடிக்கையாளரும் உண்டு, சும்மா நிற்கும் ஆள் ஒருவரே ஏறத்தாழ 100 வாட் வெப்பம் தருகிறார். ஓணக் கூட்டம் என்றால் கேட்கவும் வேண்டுமோ!

விளக்கையே எடுத்துக்கொள்வோம். 40 வாட் குழல்விளக்குகள் பத்து, நாள்தோறும் 12 மணி நேரம் எரிகின்றன. அவற்றை நீக்கி 20 வாட் எல்.இ.டி. விளக்குகளை இட்டால் ஆண்டுக்கு 876 யூனிட் மிஞ்சும். குளிர்பதனக் கடையாயின் இலாபம் இத்துடன் நில்லாது. விளக்குக்குக் கொடுத்த மின்சாரம் முடிவில் வெப்பமாகிக் கடைக்குள்ளேயே தங்குகிறது. மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்ற இயந்திரம் ஒரு பங்கு மின்சாரம் கேட்கும் எனின், மேலும் 292 யூனிட் மிஞ்சும். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பது இந்திய மின்தொகுப்பின் அளவு. ஆகவே 1168 யூனிட்டுக்கு 800 கிலோவுக்கு மேல் குறையும். குளிர்நாட்டிலோ, குறைந்த வெப்பத்தைக் குளிர்காலத்தில் வேறு வழியில் ஊட்டி ஈடுசெய்ய வேண்டும். கல்லாற்றுக் கடையில் குளிர்பதனமே இல்லை. அங்கே 876 யூனிட்தான். பிறர் விடையைக் கடன் வாங்குதல் இதில் ஆகாது.

இனி என் பிழை. நகரத்துத் துணிக்கடை ஒன்றுக்குக் கணக்கிட்டபோது கதவு எப்போதும் சாத்தியிருப்பதாக எழுதிவிட்டேன். விடை மின்கட்டணச் சீட்டைவிட மிகக் குறைந்து நின்றது. கண்ணாடியைக் குறை கூறினேன். கூரையைக் குறை கூறினேன். வருவோரை அழைக்கக் கதவைத் திறந்தே வைப்பது நம் கடைத்தெரு வழக்கம் என்பதை எண்ணவேயில்லை. திருவனந்தபுரத்துக் காற்றோ ஈரம் மிக்கது. உட்புகுந்த ஈரத்தில் ஒரு லிட்டரை நீராக வடிக்க, ஏறத்தாழ 0.7 யூனிட் அளவு வெப்பத்தை நீக்கியாக வேண்டும். கதவைத் திருத்தியதும் கணக்கு சீட்டை நெருங்கியது.

2007இல் பிறந்து 2017இல் திருத்தப்பெற்ற எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகை, இத்தகைய கணக்கை ஏற்றது. ஆயினும் 100 கிலோவாட் அளவிலான பெரிய கட்டடங்களையே அது கருதிற்று. சிறு கடைகள் அதற்குள் வாரா. சாலைக் கடைத்தெருவில் எத்தனை கதவுகள் நாள் முழுதும் திறந்திருக்கின்றன என்று எண்ணிவர, அடுத்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் செல்ல இருக்கிறேன்.