உங்களுக்குத் தெரியுமா? கரையான்சாவடியின் பின்கோடுக்குள் ஒரு கண்ணாடி!

கரையான்சாவடிக் கடைப் பலகைகளில் முகவரியின் கடைசியில் நிற்கும் எண், சென்னை 600056. பூந்தமல்லிக்கும் இதே எண்தான். 1972 ஆகஸ்ட் 15-இல் நாட்டில் பின்கோடு முறை வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். முதல் மூன்றும் 600 என்றால் சென்னை. தபால்காரருக்கு இவ்வளவு போதும்.

கணக்குப் பிரியர்களுக்குப் போதாது. இந்த எண்ணைக் காரணிகளாக உடைத்துப் பாருங்கள்:

600056 = 8 × 107 × 701

107, 701 இரண்டுமே பகா எண்கள். அதாவது, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. அதோடு, ஒன்றைத் திருப்பி எழுதினால் மற்றது! இப்படித் திருப்பினாலும் வேறொரு பகா எண்ணாகவே வருபவற்றுக்கு 'எமிர்ப்' என்று பெயர். 'பிரைம்' என்பதன் ஆங்கில எழுத்துகளையே திருப்பிப் போட்டு வைத்த குறும்புப் பெயர். இந்த வகையில் மிகச் சிறிய ஜோடி 13, 31.

107 சாதாரண ஆள் இல்லை. இரண்டை 107 முறை பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 33 இலக்கப் பகா எண். கம்ப்யூட்டர் இல்லாத 1914-இலேயே இதை நிரூபித்துவிட்டார்கள்.

பக்கத்து ஆவடியின் 600054 வேறு ரகம். 2 × 3 × 7 × 7 × 13 × 157 என்று பொடிப்பொடியாக உதிர்கிறது. அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 48. கரையான்சாவடி எண்ணுக்கோ 16 மட்டுமே.