சுண்டுவிரல் நகத்தில் ஒரு முட்டை

மட்டக்குளிப் பாலத்தால் களனி ஆற்றைக் கடந்து வத்தளைப் பக்கம் இறங்கி, வடக்கே கொஞ்சத் தூரம் போனால் முத்துராஜவெல சதுப்பு நிலம். அங்கே அல்லி இலைகளின் மேல் ஒரு பறவை ஆறுதலாக நடந்து திரியும். இலைக்கோழி என்பார்கள். இலை அமிழாது. பறவையின் காலைப் பார்த்தால் காரணம் விளங்கும்: உடம்புக்குச் சற்றும் பொருந்தாத நீண்ட விரல்கள், அவற்றின் நுனியில் நீண்ட நகங்கள். தன் பாரத்தை ஒரே இடத்தில் இறக்காமல் இலை முழுவதும் பரப்பிவிடுகிறது.

இதே வித்தையை மனிதன் பனியில் செய்கிறான். கொழும்பில் பனி பெய்யாது என்பது உண்மைதான். ஆனால் ரொறன்ரோவிலோ மொன்றியலிலோ ஒரு சொந்தம்கூட இல்லாத தமிழ் வீட்டை எங்கள் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தச் சொந்தங்கள் பனிக்காலத்தில் காட்டுக்குள்ளும் மலைச்சரிவிலும் நடக்கக் காலில் கட்டிக்கொள்ளும் சாதனம் ஸ்னோஷூ. நாம் பனிச்சப்பாத்து என்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒரு கணம் முழுப் பாரமும் ஒற்றைக் காலில் இருக்கும். சப்பாத்தின் அடிப்பகுதி ஏறத்தாழ 200 சதுர சென்ரிமீற்றர். அப்படியானால் சுண்டுவிரல் நகம் அளவான ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 350 கிராம். ஆறு முட்டைகளை அந்த நகத்தின் மேல் அடுக்கியது போல! இன்றைய பனிச்சப்பாத்து ஒன்றின் பரப்பு சுமார் 1,200 சதுர சென்ரிமீற்றர். அதைக் கட்டியதும் ஆறு முட்டை ஒரு முட்டையாகிவிடும். அகலமான பழைய மரச்சப்பாத்தில் பரப்பு 2,000 சதுர சென்ரிமீற்றரையும் தாண்டும். அங்கே பாரம் அரை முட்டையை விடக் கொஞ்சம் கூட.

இவ்வளவு கவனம் எதற்கு? புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. பத்து லீற்றர் வாளியில் தண்ணீர் நிரப்பினால் 10 கிலோ. அதே வாளியில் புதுப்பனியை நிரப்பினால் ஒரு கிலோகூடத் தேறாது. வெறுங்காலணியோடு அதில் இறங்கினால் இடுப்புவரை போய்விடலாம்.

பனிச்சப்பாத்தும் கொஞ்சம் அமிழத்தான் செய்யும். அமிழும்போது கீழேயுள்ள பனியை நெருக்கி இறுக்குகிறது. புட்டுக்குக் குழைத்த மாவைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாகி நிற்குமே, அதைப் போல. பனியில் அதற்கு மேலும் ஒன்று நடக்கிறது. நெருங்கித் தொட்ட பனிமணிகள், தொட்ட இடத்தில் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று ஒட்டி வளர்கின்றன. இதற்குத் துகளிணைவு என்று பெயர். சில மணி நேரத்தில் அந்தத் தடம் கெட்டியாகிவிடும். நேற்று ஒருவர் மூச்சுவாங்கி மிதித்துப் போன பாதையில் இன்று அடுத்தவர் சுகமாக நடக்கலாம். நடப்பவர் தனக்குப் பின்னால் ஒரு வீதி போட்டுக்கொண்டே போகிறார்.

மனிதர் இதைக் கண்டுபிடித்து எவ்வளவு காலம்? 2003இல் இத்தாலியின் தென் ரிறோல் மலையில், 3,134 மீற்றர் உயரத்துப் பனியாற்றில், சிமோனே பர்த்தொலினி என்ற வரைபட வல்லுநர் வளைந்த ஒரு மரச் சட்டத்தைக் கண்டெடுத்தார். நூறு வருடப் பழசாக இருக்கும் என்று எண்ணி, பன்னிரண்டு வருடம் தன் அலுவலகத்தில் வைத்திருந்தார். பிறகு காலம் கணித்தபோது கிடைத்த விடை: கி.மு. 3800 முதல் 3700 வரை. பேர்ச் மரத்தில் செய்த பனிச்சப்பாத்து அது. நமக்குத் தெரிந்ததில் மிகப் பழையது.

ஆனால் இந்தக் கைவினையின் உச்சத்தைத் தொட்டவர்கள் வட அமெரிக்காவின் பூர்வகுடிகள். கனடாவின் ஹியூரன், ஒஜிப்வே மக்களின் பெயர்கள் இன்றும் சப்பாத்து வடிவங்களின் பெயர்களாகவே நிற்கின்றன. வெள்ளை ஆஷ் மரத்தைக் கீறி, ஆவியில் வேகவைத்து வளைப்பார்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் மரநார்களைப் பிணைத்திருக்கும் பசை போன்ற பொருள் இளகும். ஆறியதும் வளைந்தபடி இறுகும். கண்டி வீதியில் வெவெல்தெனியவைக் கடந்தவர்கள் பிரம்புக் கதிரைகளின் வளைவுகளைப் பார்த்திருப்பார்கள், அடிப்படை ஒன்றுதான்.

சட்டத்தின் நடுவே பச்சைத் தோல்வார்ப் பின்னல். வார்கள் மூன்று திசைகளில் ஓடி அறுகோணக் கண்களையும் அவற்றைச் சுற்றி முக்கோணங்களையும் உண்டாக்கும். முக்கோணத்தை இழுத்துக் கோணலாக்குவது கடினம். அதனால் இவ்வளவு மெல்லிய வலை ஓர் ஆளின் பாரத்தைத் தாங்கிவிடுகிறது. வால் போல நீண்ட பின்பகுதிக்கும் வேலை உண்டு: காலைத் தூக்கும்போது அதன் பாரம் மூக்குப் பகுதியை மேலே எழுப்பும், நடக்கும்போது சுக்கான் போல நேராகப் போகவைக்கும். அடர்ந்த காட்டில் அடிக்கடி திரும்ப வேண்டுமே! அங்கே வாலில்லாத வட்ட வடிவம், பெயர் கரடிப்பாதம்.

தோலுக்கு ஒரு பலவீனம். மழை நாளில் பறையை நெருப்பில் காய்ச்சாமல் அடித்தால் சத்தம் எழும்பாது. ஈரம் தோலைத் தொய்ய வைத்துவிடும். ஈரப்பனியில் தோல்வாரும் அப்படித்தான் தொய்யும். வார்னிஷ் பூசுவது அதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி குதிகால். ரப்பர் செருப்போடு நடக்கும்போது குதி மேலே எழும்; செருப்பின் பின்பகுதி தொங்கும். பனிச்சப்பாத்திலும் கால்விரல் பக்கம் மட்டும்தான் கட்டு. குதி எழும்போது வால் பனியிலேயே இழுபடும். அவ்வளவு பெரிய சட்டத்தை முழுதாகத் தூக்க வேண்டியதில்லை.

சமதரைக்கு இவ்வளவும் போதும். மலைச்சரிவில் பழைய சப்பாத்து சறுக்குப்பலகையாகிவிடும். 1972இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கஸ்கேட் மலைகளில் ஜீன் பிரேற்றர், பில் பிரேற்றர் இருவரும் இதற்கு வழி தேடினார்கள். மரம் போய் அலுமினியக் குழாய் வந்தது. தோல்வலை போய் நியோப்ரீன், நைலோன் விரிப்பு வந்தது. காற்கட்டு பிணைச்சலில் சுழன்றது. அடியில் உலோகப் பற்கள் முளைத்தன. விரல்நுனியை அழுத்தினால் பல் பனிக்கட்டியைக் கவ்வும். பனி உதிரட்டும் என்றுதான் வலையில் கண்கள் விடப்பட்டன என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கண்ணே இல்லாத இந்த முழு விரிப்பும் நன்றாகவே உழைத்தது. பின்னர் வந்தவர்கள் குதியின் கீழ் ஒரு கம்பியை நிமிர்த்தி வைத்தார்கள். செங்குத்தான ஏற்றத்தில் குதி அதன் மேல் இருக்கும். மாடிப்படியில் நிற்பது போலக் கெண்டைக்காலுக்கு ஆறுதல்.

அதற்காகப் பழையது தோற்றது என்று சொல்லமாட்டேன். ஆழமான புதுப்பனி நிறைந்த சமதரைக் காட்டில் அகன்ற மரச்சப்பாத்தே நன்றாக மிதக்கும். சத்தமும் போடாது, வேட்டைக்காரருக்கு அது உயிர்நாடி. அறுந்த வாரைக் காட்டில் வைத்தே மாற்றலாம். மலையேற நினைப்பவருக்கோ பற்கள் இல்லாத சப்பாத்து ஆபத்து. அவருக்குப் புதியதே சரி.

பனிக்காலத்தில் பிள்ளைகளைப் பார்க்கக் கனடா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பனிச்சப்பாத்தை வாடகைக்கு எடுக்கும்போது உங்கள் எடையை மட்டும் சொல்லாதீர்கள். தடித்த குளிர்ச்சட்டை, முதுகுப் பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லுங்கள். பனிக்குத் தெரிவது அந்த மொத்தப் பாரம்தான்; சப்பாத்தின் அளவும் அதை வைத்தே முடிவாகும்.