தார் சுற்றும் கைகள்

கைத்தறிச் சேலை ஒன்றை விரித்துப் பார்க்கின்றவர், இதனை நெய்தவர் யார் என்று கேட்பதுண்டு. தார் சுற்றிக் கொடுத்தவர் யார் என்று கேட்பவர் அரியர். தறியில் அமர்ந்தவரின் பெயர் சங்கத்துக் கணக்கில் ஏறுகிறது. திண்ணையில் இராட்டையின் முன் அமர்ந்திருக்கும் முதிய பெண்மணியின் பெயர் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அவர்களைப் பற்றியே இத்திங்கள் நம் உறுப்பினர்களோடு சிறிது பேச விரும்புகிறோம்.

அம்மையாரின் ஒரு நாள்

கொங்கு நாட்டில் காவிரிக் கரையை அடுத்த நெசவூர் ஒன்றில் அத்தகைய அம்மையார் ஒருவரைக் கண்டோம். அகவை 70-ஐக் கடந்தவர். கணவர் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகன், மருமகள், கல்லூரியில் பயிலும் பேத்தி ஆகியோருடன் ஓட்டு வீடு ஒன்றில் வாழ்கிறார். வீட்டின் நடுக்கூடத்தில் குழித்தறி. வாயிற்புறத் திண்ணையில் அவருடைய இராட்டை. மணமாகி அவ்வீட்டிற்கு வந்த மறுவாரமே அந்த இடத்தில் அமர்ந்ததாகவும், அன்றிலிருந்து இடம் மாறவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார்.

விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலமிடுகிறார். மருமகள் அடுப்பைக் கவனிக்க, இவர் முதல்நாள் நனைத்துக் காயவைத்த சிட்டங்களை உதறி, சிக்கெடுத்து, சுழலும் சட்டத்தில் மாட்டுகிறார். வலக்கை இராட்டையைச் சுழற்றுகிறது. இடக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஓடும் நூலைப் பிடித்து, தார்க்குச்சியின் மீது மேடு பள்ளமின்றிப் படியச் செய்கின்றன. நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவிற்குச் சிறிய முடிச்சு இடவேண்டும். முடிச்சுப் பெரிதானால் துணியில் புடைத்து நிற்கும். தார் தளர்வாகச் சுற்றப்பட்டிருந்தால் நாடாவிற்குள் நூல் சரிந்து சிக்கும். இவ்விரண்டையும் கண்ணைவிட விரலே முந்தி அறியும் என்பது அம்மையாரின் அனுபவம்.

இவ்வேலையின் அளவை நாம் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. பருத்தி நூலில் ஒரு சிட்டம் என்பது 840 கெஜம். 40-ஆம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 40 சிட்டங்கள் அடங்கும். எனவே, ஒரு பவுண்டு நூலைத் தார் சுற்றி முடிக்கும்போது 33,600 கெஜம், அதாவது 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நூல், அந்த இரண்டு விரல்களுக்கிடையே ஓடிச் சென்றிருக்கும். திண்ணையை விட்டு நகராத அம்மையாரின் விரல்கள் இத்தனை ஆண்டுகளில் எவ்வளவு தொலைவு கடந்திருக்கும் என்பதை உறுப்பினர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

நிறம் மாறிய தார்

அம்மையாரின் வாழ்வில் பெரிய துன்பங்கள் இல்லாமலில்லை. ஆயினும் அவர் நம்மிடம் முதலில் கூறியது, அண்மையில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியையே. கட்டமிட்ட சேலை ஒன்று தறியில் இருந்தது. கருநீல ஊடையும் கறுப்பு ஊடையும் மாறி மாறி வரவேண்டும். மழைக்காலத்து இருண்ட காலை அது. அம்மையார் கருநீலத் தார்க்கூடையில் கறுப்புத் தார்கள் சிலவற்றைப் போட்டுவிட்டார். விளக்கொளியில் மகனும் கவனியாது இரண்டு முழம் நெய்துவிட்டார். வெயில் ஏறிய பின்னரே கட்டம் பிசகியிருப்பது தெரிந்தது. சேலை இரண்டாந்தரம் என ஒதுக்கப்பட்டு, கூலியில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது.

மகன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மருமகளும், “போகட்டும் அத்தை, விளக்கு மங்கல்” என்றே ஆறுதல் கூறினார். ஆனால், மறுநாள் முதல் அம்மையார் நிறத் தார்களைத் தொடுவதை விட்டுவிட்டார். வெள்ளை நூல் மட்டும் போதும் என்றார். ஓராண்டாகவே கண்ணில் பனி மூடியது போலிருந்ததையும், பேத்தி கேட்டபோதெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று மறைத்ததையும் அப்போதும் அவர் வெளியிடவில்லை.

ஏன் மறைத்தார்? நாம் கேட்டதற்கு நெடுநேரம் கழித்தே விடை வந்தது. “கண்ணு தெரியலைன்னு சொன்னா இராட்டையை எடுத்து உள்ளே வெச்சிருவாங்க தம்பி. அப்புறம் நான் எதுக்குங்க இந்த வீட்டிலே?” என்றார்.

இவ்விடையை நம் வீடுகள் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கவேண்டும். அவரை எவரும் சுமையென்று கூறியதில்லை. எனினும், உழைக்கும்வரைதான் தமக்கு இடமுண்டு என்ற அச்சம் அவர் உள்ளத்தில் குடிகொண்டிருந்தது. வீட்டார் அன்புடையவர்களே. ஆனால், உழைப்பு ஓய்ந்தபின்னும் அவருக்கு உரியது இன்னதென எவரும் அவரிடம் சொன்னதில்லை.

இறுதியில் பேத்தியே துணிந்தாள். நூல் வாங்கப் போவதாகச் சொல்லி, பக்கத்து ஊரில் நடந்த இலவசக் கண் சிகிச்சை முகாமிற்கு அப்பத்தாவை அழைத்துச் சென்றுவிட்டாள். கண்புரை முற்றிய நிலையில் இருந்தது. புரை படரும்போது கண்ணின் வில்லை பழுப்பேறும்; அதனால் நீலம் முதலிய நிறங்கள் மங்கிக் கருமையோடு கலந்து தோன்றும் என்று மருத்துவர் விளக்கினார். தார் மாறியதன் காரணம் கவனக்குறைவன்று, நோயே என்பது அன்றுதான் அம்மையாருக்கு விளங்கிற்று. அறுவைச் சிகிச்சையைவிட அந்தச் சொல்லே தமக்கு மருந்தாயிற்று என்றார்.

முற்காலத்தில் புரை அறுத்தவர் பல நாள் அசையாது படுத்திருந்து, பின்னர் தடித்த கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. இன்று கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்திவிடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. சில வாரங்களுக்குப் பின் அம்மையார் மீண்டும் நிறத் தார்களைக் கையில் எடுத்தார். மருமகளின் சேலையில் பூவேலை இருந்ததை அன்றுதான் கண்டாராம்.

தேய்ந்த விரல்

மற்றோர் இன்னல் மாதந்தோறும் வருவது. நம் மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962-ஆம் ஆண்டில் திங்களுக்கு 20 ரூபாயாகத் தொடங்கப்பட்டது. படிப்படியாக வளர்ந்து 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அம்மையார் இத்தொகையைப் பெறுகிறார். வங்கியின் முகவர் சிறு கருவியுடன் ஊருக்கு வருவார். அதில் விரலை வைத்தால் ரேகை ஒத்துப்போகவேண்டும். அதன்பின்பே பணம்.

ஐம்பது ஆண்டு நூல் ஓடிய விரலில் ரேகை எங்கிருந்து வரும்? கட்டைவிரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. சுட்டுவிரலையும் ஏற்கவில்லை. கையைக் கழுவி வரச் சொன்னார் முகவர். எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழந்தார்கள். ஒரு திங்கள் வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த திங்கள் பேத்தி, நூலைத் தொடாத மோதிரவிரலை வைத்துப் பார்க்கச் சொன்னாள். கருவி ஏற்றுக்கொண்டது!

அந்தப் பணத்தில் வெற்றிலை பாக்குக்கும் மூட்டுவலித் தைலத்திற்கும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதைப் பேத்தியின் பேருந்துச் செலவிற்குத் தருகிறார். தம் பெயரில் வரும் பணம் அது ஒன்றே என்று அவர் கூறியபோது குரலில் பெருமிதம் இருந்தது. அப்பெருமிதத்தில் நமக்கொரு பாடம் இருந்தது.

ஏட்டில் இல்லாத பெயர்

“சங்கத்தில் தாங்கள் உறுப்பினரா?” என்று கேட்டோம். “தறி மகனோடதுங்க. நான் தார்தானே சுத்தறேன்” என்றார். முன்பு கணவர் உறுப்பினராக இருந்தார். அவருக்குப்பின் மகன் உறுப்பினரானார். இரண்டு தலைமுறைக்கும் தார் சுற்றிய கைகளுக்குச் சங்கத்தில் பங்கில்லை.

2019–20-இல் நிகழ்ந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 இலட்சத்திற்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளரைக் கண்டது. அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். தார் சுற்றுதல், பாவு தயாரித்தல் போன்ற துணைத்தொழில் செய்வோரும் அதில் தொழிலாளராகவே எண்ணப்பட்டனர். நாட்டின் கணக்கெடுப்பு தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டவரை, அவர் வீட்டு வாசலிலேயே இருக்கும் சங்கம் இன்னும் உறுப்பினரின் தாயார் என்றே அறிந்திருப்பது பொருத்தமன்று.

உறுப்பினர் ஆவதால் விளையும் நன்மை வெறும் பெருமையன்று. நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம், கூட்டுறவு நெசவாளர்க்கான முதியோர் ஓய்வூதியம் முதலியவை எல்லாம் உறுப்பினர் ஏட்டைக் கொண்டே நடைபெறுகின்றன. கூலியில் சிறுகச் சிறுகப் பிடித்துச் சேர்க்கும் தொகை முதுமையில் கைகொடுக்கிறது. பெயரில்லாதவர்க்குக் கூலிச்சீட்டில்லை, கூலிச்சீட்டில்லாதவர்க்குச் சேமிப்பில்லை.

உழவர் வீட்டிலும் நிலை வேறன்று. விதையைக் காயவைத்துச் சேமிப்பவர், பருத்தி எடுப்பவர், ஆடு மாடுகளைப் பேணுபவர் பெண்களே. நிலத்தின் பட்டா ஆடவர் பெயரில் இருப்பதால், கடன் சங்கத்தின் உறுப்பினரும் அவரே ஆகிறார்.

கூட்டுறவு இயக்கத்தின் பழைய வரலாற்றை இங்கு நினைவூட்டுவது தகும். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து முன்னோடிகள் தம் சங்கத்தை 1844-இல் தோற்றுவித்தனர். அந்நகரம் நெசவாளர் நகரம். முன்னோடிகளிலும் நெசவாளர் பலர். அக்காலத்து இங்கிலாந்தில் மணமான பெண் தன் உழைப்பின் ஊதியத்திற்கே சட்டப்படி உரியவளல்லள். அவ்வுரிமை 1870-இல்தான் வந்தது. ஆயினும், 1846-ஆம் ஆண்டிலேயே எலைசா பிரையர்லி என்னும் பெண்மணியை அச்சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. சட்டம் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

நாம் செய்யத்தக்கவை

எனவே, உறுப்பினர்களுக்குச் சில வேண்டுகோள்கள். முதலாவதாக, தறியும் தொழிலும் உள்ள வீடுகளில், விதி இடந்தரும் வகையிலெல்லாம், உழைக்கும் பெண்டிரையும் உறுப்பினராகச் சேர்க்க விண்ணப்பம் அளியுங்கள். விதி இடந்தரவில்லையெனில் பொதுப்பேரவையில் அதனை எழுப்புங்கள். விதிகளை வகுப்பவர்கள் நாமே அல்லவா? இரண்டாவதாக, ஒவ்வொருவரும் தம் பங்குத்தொகைக்கு நியமனதாரராக எவர் பெயரைக் குறித்திருக்கிறோம் என்று அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காலமான தந்தையார் பெயரே இன்னும் இருக்கக்கூடும். மூன்றாவதாக, சங்கங்கள் ஆண்டிற்கொரு முறையேனும் கண் சிகிச்சை முகாம் நடத்த ஏற்பாடு செய்யலாம். நான்காவது வீட்டிற்குள் செய்யவேண்டியது. கூலி பெற்று வரும் நாளில், அதில் தார் சுற்றியதற்கான பங்கு இவ்வளவு என்று பிரித்து, அம்மையாரின் கையிலேயே கொடுங்கள். சிறிய தொகையாயினும் ஆகுக.

நாம் விடைபெறும்போது அந்தி மயங்கிக் கொண்டிருந்தது. மகன் தறிக்குழியிலிருந்தபடியே, “ஆத்தா, நீலத் தார் தீர்ந்துபோச்சு” என்று குரல் கொடுத்தார். அம்மையார் கூடையிலிருந்து ஒரு தாரை எடுத்து, வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். நீலமேதான். பேத்தியிடம் கொடுத்தனுப்பினார். நின்ற தறி மீண்டும் ஓடத் தொடங்கியது.

மறுநாள் காலை, உறுப்பினர் விண்ணப்பப் படிவம் ஒன்றை மகன் சங்க அலுவலகத்திலிருந்து பெற்று வந்ததாகப் பின்னர் அறிந்தோம். அதில் கையொப்பமிட வேண்டிய இடத்தில் அம்மையார், பேத்தி சொல்லிக்கொடுக்க, தம் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாராம். அங்கே விரல்ரேகை தேவைப்படவில்லை.